பழமொழியும் பள்ளிக்கூடச் சரித்திரமும்

பழமொழி என்றாலே கிழமொழி என்று முகம் சுளிக்கும் பிள்ளைகள் நம் காலனியில் பலர் உளர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. தமிழ் பாடமாக உள்ள பள்ளிகளில் பழமொழி என்பது கோடிட்ட இடத்தை நிரப்புவதற்கும், கட்டுரையின் கடைசி வரியை அலங்கரிப்பதற்கும் வைத்த பொருள். மலையாளப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகட்கோ அதுவும் இல்லை. அடுப்பங்கரையில் பாட்டி வைதுகொண்டே உதிர்க்கும் சொல்லாக மட்டுமே அவர்கள் செவியில் அது விழுகிறது. சரித்திரப் பாடமோ ஆண்டுகளும் அரசர் பெயர்களுமாக அவர்கள் முன் நிற்கிறது. இவ்விரண்டுக்கும் ஏதேனும் உறவு உண்டு என்று அவர்கட்கு எவரும் சொல்வதில்லை.

பொன்முடித் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் தன் சரித்திரப் புத்தகத்தைப் புரட்டினால் 1741ஆம் ஆண்டின் குளச்சல் போர் இருக்கும். மார்த்தாண்ட வர்மர் இருப்பார். அவரிடம் தோற்ற டச்சுக்காரர் இருப்பர். கொழுந்துக் கூடை சுமந்த அவன் பாட்டி இருக்கமாட்டாள். “நாம் எப்பொழுது இங்கு வந்தோம்? ஏன் வந்தோம்?” என்று அவன் வீட்டில் கேட்டால் எடுத்துக் காட்ட நம்மவரில் பலரிடம் செப்பேடு இல்லை, பட்டா இல்லை, பழைய கடிதக் கட்டும் இல்லை. பேச்சு ஒன்றே உண்டு. அப்பேச்சில் உறைந்து கிடக்கும் பழமொழிகளைக் கொண்டு சரித்திரம் கற்பிக்கலாம் என்பதும், ஆனால் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்த பின்னரே அவற்றை நம்பவேண்டும் என்பதும் என் கருத்து.

என் தொழிலுக்கு அணித்தான ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். “சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்பது அது. இரயில்வேச் சரக்கு அலுவலகத்தில் எடையும் தூரமும் கட்டணமுமே எழுதி வருகின்ற எனக்கு, இதனினும் சுருக்கமான போக்குவரத்துச் சரித்திரம் ஒன்று கண்ணில் பட்டதில்லை. இதைக் கரும்பலகையில் எழுதிப் “பணம் என்றால் என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் ரூபாய் நோட்டைச் சொல்வார்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது. பணம் என்பது ஒரு குறிப்பிட்ட நாணயத்தின் பெயர். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு சர்க்கார் ரூபாய். ஆங்கிலேயர் ரூபாய்க்கோ 28½ சக்கரம் எண்ணிக் கொடுக்கவேண்டும். அந்த அரைச் சக்கரத்தை வைத்தே ஒரு முழு வகுப்பு நடத்தலாம். யார் நாணயம் யாருக்கு மேல் என்பது அதில் அடங்கியிருக்கிறது. சென்னைப் பட்டணத்தில் முற்காலத்துக் கணக்கு வேறு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 1818இல் வெள்ளி ரூபாய் நிலைபெற்ற பிறகே அக்கணக்கு மறையத் தொடங்கிற்று. நாணயம் மறைந்தது, பெயர் மட்டும் நம் நாவில் எல்லாச் செல்வத்துக்கும் பொதுப்பெயராகித் தங்கிவிட்டது.

அடுத்த கேள்வி, சுமைகூலி ஏன் சரக்கின் விலையைப்போல் மூன்று மடங்கு ஆயிற்று என்பது. வண்டிப் பாதைகள் அரிதாக இருந்த காலம் அது. சரக்கு தலைச்சுமையாகவும் காவடியாகவும் பொதிமாட்டின் முதுகிலும் சென்றது. இதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. பழைய சாலையோரங்களில் இரு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கியைக் கண்டிருப்பீர்கள். பிறர் உதவி இன்றித் தலைச்சுமையை இறக்கி வைக்கவும், மீண்டும் தலைக்கு மாற்றவும் ஆள் உயரத்தில் அமைத்த கல் அது. பிள்ளைப்பேற்றுக்கு முன் இறந்த கருவுற்ற பெண்ணின் நினைவாக அதனை நடுவது தமிழ்நாட்டு வழக்கம். இறக்கி வைக்க இயலாத சுமையோடு போனவளுக்குப் பிறர் சுமையை இறக்கும் கல்லை நட்ட அந்த மனத்தை என்னென்பது! மலையாள நாட்டில் இக்கல்லை அத்தாணி என்பர். அப்பெயரிலேயே ஊர்களும் இருக்கின்றன. பேருந்தின் பலகையில் அத்தாணி என்று படிக்கும் பிள்ளைக்கு அது சுமைகூலியின் ஊர் என்று தெரிந்தால், பழமொழியும் கல்லும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வதைக் கண்டுகொள்வான்.

பொன்முடிக்காரர்க்கு இதை விளக்கவே வேண்டுவதில்லை. ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், கல்லாற்றைக் கடந்து 22 கொண்டை வளைவுகளுக்கு அப்பால் இருக்கும் மலைக்கு, உப்பும் புளியும் கீழிருந்தே ஏறவேண்டும். சென்ற ஆண்டு நம் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளோடு அங்குச் சென்றிருந்தபோது, லயத்தின் திண்ணையில் இருந்த மூதாட்டி ஒருவரிடம் இப்பழமொழியின் முதற்பாதியைச் சொன்னோம். இரண்டாம் பாதியை அவரே முடித்து, அரிசி மூட்டை மேலே வந்த கதையையும் தொடர்ந்து அரைமணி நேரம் சொன்னார். ஒரு பையன் எழுதுவதை நிறுத்திவிட்டு வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

இரயிலின் கதையை இங்கே சுருக்கமாகவே சொல்லிப் போகிறேன். சொல்லப் புகுந்தால் மலர் முழுவதும் எனக்கே போதாது. கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு மலையைக் குடைந்து 1904இல் பாதை திறந்தது. கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு 1918இல் இரயில் வந்தது. தம்பானூர் நிலையத்துக்கு 1931இல் நீண்டது. நாகர்கோயில் வழியே கன்னியாகுமரிப் பாதை 1979இல்தான் வந்தது. அதுவரை நாஞ்சில் நாட்டு நெல்லும் வாழையும் சாலைக் கடைவீதிக்குச் சாலை வழியாகவே வந்தன. புனலூர் செங்கோட்டை மீட்டர் பாதை அகலப் பாதையாக மாறி, 2018இல் மீண்டும் திறந்தது. ஒவ்வோர் ஆண்டையும் பழமொழியின் முக்கால் பணத்தோடு சேர்த்துச் சொன்னால், அந்த ஆண்டு மறவாது.

இனி, “தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன்” என்பதைப் பார்ப்போம். தண்டுதல் என்றால் வரி திரட்டுதல். தண்டல்காரன் வரி திரட்டும் சேவகன். இன்று நாம் இதனை அதிகாரம் இல்லாதவன் அதிகாரம் செய்வதற்குச் சொல்கிறோம். ஆனால் தடியையும் வரியையும் ஒரே மூச்சில் சொல்லும் நாவு எந்தக் காலத்து நாவு? கொடுங்கோலன் குடிகளிடம் பொருள் கேட்பதை வழிப்பறிக்காரன் கேட்பதோடு ஒப்பிட்டு வள்ளுவரே பாடியிருத்தலின், இக்குறை புதியதன்று. எனினும் பழமொழியில் ஒருவன் அல்லன், ‘எடுத்தவன் எல்லாம்’ என்று வருகின்றது. வரி கேட்பவர் பலராகிவிட்ட காலத்தின் பெருமூச்சு அது என்று எனக்குப் படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு அத்தகைய காலம். ஆர்க்காட்டு நவாபின் ஆட்கள் ஒருபுறம், பாளையக்காரர் மறுபுறம், குத்தகைதாரர் இடையில், நவாபின் கடனுக்கு ஈடாக வரி உரிமையைப் பெற்ற கும்பினியார் இவர்கட்கெல்லாம் மேலே. உழவன் யாருக்குக் கொடுத்தால் தப்பலாம் என்று அறியாமல் நின்றான்.

1799ஆம் ஆண்டை வகுப்பில் எடுத்துக்கொள்க. அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். வரிப் பாக்கியில் தொடங்கிய பகை அது. அதே 1799இல் திருவனந்தபுரத்தில் அமைச்சர் மூவர் வசதியுள்ளோரிடம் கட்டாயப் பணம் கேட்டனர். தலக்குளத்து வேலுத்தம்பி மக்களைத் திரட்டிக்கொண்டு கோட்டை வாயிலுக்கு வந்து அம்மூவரையும் நீக்கச் செய்தார். பின்னர் அவரே தளவாய் ஆனார். 1805ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கும்பினிக்குக் கட்டவேண்டிய தொகை ஆண்டுக்கு எட்டு இலட்சம் ரூபாய் ஆயிற்று. அச்சுமை முற்றி, 1809 ஜனவரி 11ஆம் நாள் குண்டறை விளம்பரத்தில் முடிந்தது. தமிழ்நாட்டில் படிக்கும் நம் உறவுப் பிள்ளைக்குக் கட்டபொம்மனைத் தெரியும். இங்குப் படிக்கும் நம் பிள்ளைக்கு வேலுத்தம்பியைத் தெரியும். இருவரும் ஒரே ஆண்டில், மலையின் இரு பக்கத்திலும், ஒரே நோய்க்கு எதிராக எழுந்தவர்கள் என்பதை இருவர் புத்தகமும் சேர்த்துச் சொல்வதில்லை. பழமொழி சேர்த்துச் சொல்கிறது. வேலுத்தம்பியின் தலக்குளம் 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டுக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது என்பதையும் பிள்ளைகட்குச் சொல்லி வைக்கலாம்; எல்லைக் கோடு மாறும், ஊர் மாறாது.

நாம் வாழும் நாட்டின் பழமொழிகளையும் விட்டுவிடலாகாது. “கொல்லம் கண்டவனுக்கு இல்லம் வேண்டா” என்று மலையாளத்தார் சொல்வதைப் புரிந்துகொள்ள நமக்கு அகராதி தேவையில்லை. வீட்டை மறக்கச் செய்யும் அளவுக்கு அந்த ஊரில் என்ன இருந்தது? துறைமுகம் இருந்தது. 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடு கொல்லத்தில் இருந்த கிறித்தவப் பள்ளிக்கு உரிமைகள் அளித்ததைச் சொல்கிறது. அது வட்டெழுத்தில் உள்ளது. மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுக்களின் பெயர் அதில் வருகிறது. மணிக்கிராமத்தாரின் பெயர் சயாம் நாட்டுத் தகுவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டிலும் உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் வந்த இபின் பதூதா கொல்லத்துக் கடைவீதியையும் அங்கிருந்த சீன வணிகரையும் வியந்து எழுதினார். நம் பக்கத்தில் “கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வையாதே” என்கிறோம். பொருள் முழுவதையும் ஒரு கப்பலில் ஏற்றிவிட்டுக் கரையில் காத்திருந்தவர்கள் இருந்த நாட்டில்தான் அப்படி ஒரு வாக்குப் பிறக்கும்.

மற்றொன்று, ஓணம் தோறும் நம் காதில் விழுவது: “காணம் விற்றும் ஓணம் உண்ணவேண்டும்.” திருநெல்வேலிக் குடும்பத்துப் பிள்ளை இதைக் கேட்டால் ‘கொள்ளை விற்றா விருந்து?’ என்று திகைப்பான். அவன் வீட்டில் காணம் என்றால் கொள்ளு. இங்கே காணம் என்பது நிலத்தின்மேல் உள்ள உரிமை. ஜன்மியிடம் தொகை கொடுத்துக் குடியானவன் பெறுவது காணப்பாட்டம். சங்க காலத்திலோ காணம் பொன்னைக் குறித்தது. சேர மன்னர் புலவர்க்குக் காணம் வழங்கியதைப் பதிற்றுப்பத்தின் பதிகங்கள் கூறுகின்றன. அந்தச் சேரர் ஆண்ட நாட்டில்தான் நாம் இருக்கிறோம். இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு 1865இன் பண்டாரப் பாட்ட விளம்பரம், 1896இன் ஜன்மி குடியான் சட்டம், 1970 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் ஆகியவை வரை ஆசிரியர் சென்றுவிடலாம். பொன்முடியைச் சூழ்ந்த காடுகளில் வாழும் காணிக்காரர்தம் பெயரை மட்டும் இதனோடு முடிச்சுப் போடவேண்டா. ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சான்று ஆகாது.

“குளம் உடைந்து போகும்போது முறை வீதமா?” என்பதைக் குடிமராமத்துக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஏரிக்கரையைச் செப்பனிட வீட்டுக்கு இத்தனை ஆள் என்று முறை இருந்தமையால்தான் முறையைப் பற்றிய கேலியும் உண்டாயிற்று. அம்முறை தளர்ந்ததும் 1858இல் சென்னை அரசாங்கம் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது.

நம் குடும்பங்களின் கதைக்கு மிக நெருங்கியது வேறொன்று: “பஞ்சத்துக்கு ஆண்டியா, பரம்பரை ஆண்டியா?” என்பது. இதனைக் கேலியாகவே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் ஊரில் புதிதாக வந்து கையேந்துகிறவனைப் பார்த்து இப்படி வகை பிரித்துக் கேட்கும் வழக்கம், வாழ்ந்து கெட்டவர்கள் கூட்டங்கூட்டமாகத் தெருவில் நின்ற காலத்தை நினைவூட்டுகிறது. முதியோர் தாது வருஷப் பஞ்சம் என்று குறிப்பிடும் 1876–78 பஞ்சம் அத்தகையது. ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது மதிப்பீடு. பஞ்சம் மூண்டிருக்கையிலேயே 1877 ஜனவரி 1ஆம் நாள் டில்லியில் தர்பார் நடந்தது. அதே ஆண்டு நிவாரண வேலைக்கு ஆண் ஒருவனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் வரையறுத்தார். சென்னைக்கு அருகே ஓடும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அப்பஞ்சத்தில் வேலை கேட்டு வந்தவர்கள் வெட்டியது.

இரயில் ஊழியன் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். தூத்துக்குடிக்கு இரயில் வந்தது 1876 ஜனவரி 1ஆம் நாள். பஞ்சம் வந்ததும் அதே ஆண்டு. இரயில் தானியத்தைக் கொணர்ந்தது. விலை மிகுந்த இடம் நோக்கித் தானியத்தைக் கொண்டும் போயிற்று. பசித்தவர்களைத் துறைமுகத்துக்கும் கொண்டு சேர்த்தது. சுமைகூலி குறைந்தால் சோறு கிடைத்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் இதைச் சிந்திக்கவேண்டும்.

திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னே சென்றவர்கள் கண்டிச் சீமைக்கும், திருவிதாங்கூர் மலைகளுக்கும் போனார்கள். இலங்கையில் முதலில் காப்பி; 1869இல் இலைநோய் தோன்றிக் காப்பி அழியவே தேயிலை. கண்ணன் தேவன் மலைகளை ஜே. டி. மன்றோ பூஞ்ஞாற்று அரசரிடம் 1877இல் எழுதி வாங்கினார். அதுவும் பஞ்ச ஆண்டே. “இக்கரைக்கு அக்கரை பச்சை” என்ற பழமொழி இவர்களால் உண்டானது என்று நான் சொல்லவரவில்லை. அது அதற்கும் முந்தியதாக இருக்கலாம். ஆனால் கப்பலில் போனவர்கள் அதைச் சொல்லிக்கொண்டுதான் போயிருப்பார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தால் 5,25,000 பேர் திரும்ப வேண்டும் என்று எழுதப்பட்டபோது அவர்களின் பேரப்பிள்ளைகள் அதைச் சொல்லிக்கொண்டுதான் திரும்பியிருப்பார்கள். அவர்களில் சிலருக்குப் புனலூரை அடுத்த இரப்பர்த் தோட்டங்களில் இடம் கிடைத்தது. அதற்கான அரசு நிறுவனம் 1976இல் அமைந்தது. “எதற்கு வந்தீர்கள்?” என்று பள்ளியில் எவரேனும் நம் பிள்ளையைக் கேட்டால், அவன் நாணித் தலைகுனிய வேண்டுவதில்லை, ஆண்டும் காரணமும் சேர்த்துச் சொல்லலாம்.

இனிச் சாட்சியின் குறைகள். பழமொழி தன் பிறந்த தேதியைச் சொல்லாது. அது பெரும்பாலும் வலியவன் பக்கம் நின்று பேசும். ஒவ்வொரு சாதியையும், தொழிலையும், பெண்களையும் இழித்துரைக்கும் பழமொழிகள் நம்மிடம் மலிந்து கிடக்கின்றன. “பெண் புத்தி பின் புத்தி” என்பதைப் ‘பின்வருவதை அறியும் புத்தி’ என்று இக்காலத்தார் திருத்தி உரைக்கின்றனர். “ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்” என்பதில் ‘வேரை’ என்பதே மூலம் என்கின்றனர். எண்ணம் நல்லதே, ஆயினும் ஓலையோ பழைய அச்சோ காட்டாமல் சொல்வதைச் சரித்திர வகுப்பில் ஏற்கலாகாது. பழமொழிகளைப் பீட்டர் பெர்சிவல் பாதிரியார் 1842இல் யாழ்ப்பாணத்திலிருந்து நூலாக்கினார். ஆறாயிரத்துக்கு மேற்பட்டவற்றைக் கொண்ட இரண்டாம் பதிப்பு 1874இல் வந்தது. பின்னர்க் கி. வா. ஜகந்நாதன் நான்கு தொகுதிகளாகத் திரட்டினார். இத்தகைய தொகுப்புகளில் பழைய வடிவம் எப்படி இருந்தது என்று பார்த்துப் பேசுவதே முறை. இழித்துரைக்கும் பழமொழியை மறைக்கவும் வேண்டா, அழகுபடுத்தவும் வேண்டா. அதை வகுப்பில் வைத்து, இதைச் சொன்னவன் யார், கேட்டுக்கொண்டு நின்றவன் யார் என்று வினவுக. நம் திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள ஊரூட்டம்பலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பஞ்சமி என்னும் சிறுமியைக் கைப்பிடித்து அய்யன்காளி பள்ளிக்குள் அழைத்துச் சென்றபோது அப்பள்ளிக்கே தீ வைத்தார்கள். பழமொழிகள் வெறும் பேச்சு என்று சொல்பவர்க்கு அத்தீயைக் காட்டலாம்.

நம் வகுப்பில் ஒரு பழமொழிக்கு நான்கு கேள்விகள் வைத்திருக்கிறோம்: இதில் வரும் காசும் அளவையும் எந்தக் காலத்தவை? பேசுபவர் யார்? சிரிக்கப்படுபவர் யார்? வேறு சான்று எங்கே இருக்கிறது? நான்காம் கேள்விக்கு விடை கிடைக்காத பழமொழிகளே பல. அவற்றை நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறோம். தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யவேண்டும் என்று 1956இல் அரசியலமைப்பில் சேர்ந்த 350அ பிரிவு சொல்கிறது. அவ்வசதி எல்லா மலைக்கும் ஏறும் வரை ஞாயிற்றுக்கிழமைகளை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மலையாள ஆசிரியர்களும் இம்முயற்சியில் கைகொடுப்பார்கள். ‘காணம் விற்றும்’ பாடத்தன்று அண்டை வீட்டு மலையாள ஆசிரியை ஒருவரே வந்து நிலவுரிமையை விளக்கினார்.

அந்த நோட்டுப் புத்தகம் சங்க நூலகத்தின் இரண்டாம் அலமாரியில் இருக்கிறது. பொன்முடியிலும் போனக்காட்டிலும் உள்ள பெரியோர், தோட்டத்தில் மட்டும் வழங்கும் பழமொழிகளைச் சொல்லி அனுப்பினால் அதில் சேர்ப்போம். யாரிடம் கேட்டது, அவர்தம் பூர்வீக ஊர் எது, எதைப் பேசும்போது சொன்னார் என்பனவற்றையும் உடன் எழுதி அனுப்புக. எழுத இயலாதவர்கட்கு விழாவன்று மாலை மேடையின் இடப்பக்கம் பிள்ளைகள் இருவர் பேனாவுடன் அமர்ந்திருப்பர்.